நாலாங்கட்டையில் நின்ற பேச்சு

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மூன்று மாதம், அவர் சொன்ன ஒரு பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. பேய், பிசாசு என்று நான் சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் நின்றது. என் மகள் அந்த வேலையில் இருக்கிறவள், அவளே பார்த்துச் சொன்னாள். அவர் எழுதி அனுப்பின பேச்சு என் காதுக்கு வராமல் பாதி வழியில் நின்றுவிட்டது. நிறுத்தினது நான்.

இதை எழுத எனக்கு எத்தனை நாள் ஆனது என்று கேட்காதீர்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷம் போனேன். தம்பிகளைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அப்படித்தான் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. அடுத்தவர் கைக்குப் போனால் என் மேல் இரக்கப்பட்டு நாலு வார்த்தையை மாற்றிவிடுவார்கள். அது வேண்டாம்.

அவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி, பிரசவம் எல்லாம் அவர் கைதான். நான் சபாக் பக்கம் பிறந்தவள். அக்காள் வீட்டோடு இந்தப் பக்கம் வந்து அதே எஸ்டேட்டில் ரப்பர் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கத்தி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டவர், கட்டு அவிழ்த்த பிறகும் என்னை மறக்கவில்லை. எஸ்டேட் ரோடு வந்து பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் நாலாவது மைல்கல், அதனால் நாலாங்கட்டை என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை நான் பசாருக்குப் போக அங்கே பஸ்ஸுக்கு நிற்பேன். அவர் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது போலக் குனிந்து நிற்பார். வாரா வாரம் ஒரே இடத்தில் சங்கிலி கழலுமா? நானும் தெரியாதவள் போலவே நின்றேன்.

டிரெஸ்ஸர் பெண்சாதி என்றால் லயத்து வரிசை வீடுகளில் ஒரு மரியாதை. பொய் சொல்வானேன், அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. சரியாகப் படிக்கத் தெரியாதவள் என்று யாருக்கும் காட்டிக்கொண்டதில்லை. கடிதம் வந்தால், "கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன், நீங்க வாசிங்க" என்பேன். அவரும் சிரிக்காமல் வாசிப்பார். நாற்பது வருஷம் என் கண்ணாடி தொலைந்தே இருந்தது.

பிறகு எஸ்டேட்டை வெட்டி வீடு கட்டினார்கள். எங்களுக்குக் கோலா சிலாங்கூருக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் இரண்டு அறை வீடு கிடைத்தது. மகள் படித்து, கல்யாணமாகி, புஞ்சாக் ஆலாமில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும்தான் என்று ஆன காலத்தில் அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல் பெட்டியை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள், எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. உயிர் நின்றது. பேச்சுப் போனது.

ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். அதில் எழுதிக் காட்டினார். மருந்துச் சீட்டு எழுதிப் பழகின கை, கோழி கிளறினது போல இருக்கும். நான் முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும். மகள் பக்கத்தில் இருந்தால் நான் கண்ணாடி தேட ஆரம்பித்துவிடுவேன். ஒரு நாள் அவள் என் கண்ணாடியை என் தலை மேலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். அடுத்த வாரம் ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டு வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் அதை வைத்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

"அப்பா, இந்தப் பெட்டிக்குள்ள நீங்க எழுதுங்க. எழுதி முடிச்சு இந்தப் பொத்தான அழுத்துனா எழுத்து மறைஞ்சிடும். அந்தப் பக்கம் ஒரு புரோகிராம் அதை எடுத்துப் பேசும். பேசுறது நான் செஞ்சது இல்ல, வெளியில யாரோ செஞ்சு வச்சது. உங்க பக்கம் இருக்குறதுக்கு அதைத் தெரியாது, அதுக்கு இதைத் தெரியாது. அதனால நடுவுல ஒரு பைப் போடணும்."

"பைப்பா? தண்ணி எங்க ஓடுது?" என்றேன்.

"தண்ணி இல்லம்மா, பேச்சுதான் ஓடும். இந்தப் பைப்புக்கு ஒரு பேர் வைக்கணும். பேர் இருந்தாத்தான் ரெண்டும் தேடிக்கிட்டு ஒரே இடத்துக்கு வந்து சேரும். என்ன பேர் வைக்கட்டும் அப்பா?"

அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மகள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "நாலாங்கட்டையா? ஏதாவது சாமி பேர் வைப்பீங்கன்னு பார்த்தா!" அவர் என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

பேசினது ஒரு சின்னப் பெண்ணின் குரல். அந்தப் புரோகிராமில் தமிழுக்கு அந்த ஒரு குரல்தான் என்றாள் மகள். செய்தி வாசிக்கிறவள் போல, ஏற்றம் இறக்கம் இல்லாமல், சிரிக்காமல், கோபப்படாமல். முதன்முதலில் அது சொன்னது, "காப்பியில் சீனி பத்தலை." நான் எழுந்து போய்ச் சீனி டப்பாவைக் கொண்டு வந்தேன்.

எதிர்வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், அன்றே வாசலுக்கு வந்துவிட்டாள். வயதில் எனக்கு இளையவள், வாய் மட்டும் பெரியது.

"அக்கா, உள்ள யாரு? பொம்பளப்புள்ள குரலு கேட்குது?"

"உங்க அண்ணன்தான்."

"அண்ணனா! இவ்வளவு நல்ல குரல இத்தனை நாளு எங்க லா ஒளிச்சு வச்சிருந்தாரு? மாப்பிள்ள பாக்கலாம் போல இருக்கே!"

உள்ளேயிருந்து அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள், "முதல்ல உன் மகனுக்குப் பொண்ணு பாரு."

தங்கச்சி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குரல் எனக்குப் பழகவே இல்லை. அவர் மனசில் இருப்பதை எல்லாம் முகம் தெரியாத ஒருத்தி என் வீட்டில் உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. அடுப்படியில் நிற்பேன், பின்னால் இருந்து, "இங்க வா" என்பாள். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் திரும்புவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் முகம் தெரியாத பெண் குரல் கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. மரங்களுக்கு நடுவே லயம் இருந்த காலத்தில் எல்லா அம்மாக்களும் பிள்ளைகளுக்குச் சொன்னது. அதுவும் வெள்ளிக்கிழமை. அந்த நேரத்தில் இந்தப் பெண் குரல் என் வீட்டில் கேட்க வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். அப்பாவுக்கு வாயே இல்லாமல் செய்துவிட்டு விளக்கு வைப்பாயா என்று கோபித்தாள். அவர்தான் கையை ஆட்டி, விடு, விடு என்றார். அவர் இதையெல்லாம் நம்பாதவர். நான் நம்புகிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

மகள் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். திரையில் ஓரமாகச் சிவப்பாக ஒரு வாய்ப் படம். அதைத் தொட்டால் அந்தப் பெண் பேசுவாள். மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தொட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

"மூடி வச்சிருக்கறப்ப அப்பா எழுதினா?"

"போகாது. பைப் வாசல்லயே நிக்கும். முதல் பேச்சு நின்னா அதுக்குப் பின்னால எழுதுறதும் வரிசையில நிக்கும், பெட்டியில எழுத்துகூட தெரியாது. நீ வாயத் திறந்தா எல்லாம் வரிசையா வரும்."

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னல் ஒன்று இருந்தது. பலகையை உள்ளேயிருந்து திறக்கிற வரைக்கும் முதல் ஆள் நகர மாட்டான். அவன் நகராமல் பின்னால் இருக்கிறவனும் நகர முடியாது. அந்தப் பலகையைத் திறக்கிறவராக இத்தனை காலம் இருந்தவர் அவர். இப்போது பலகை என் கையில்.

வெள்ளிக்கிழமைகளில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் வாயை மூடிவிட்டு விளக்கேற்றப் போவேன். அவர் சும்மா இருக்க மாட்டார், எழுதிக்கொண்டே இருப்பார். நான் கற்பூரம் காட்டி, திருநீறு பூசி, வந்து வாயைத் திறந்தால் அந்தப் பெண் மூச்சு விடாமல் சொல்வாள். "பசிக்குது." "சாமி இன்னும் சாப்பிடலையா?" "சுண்டல் வாசம் வருது, சுண்டலைக் காணோம்." நான் திட்டிக்கொண்டே தட்டை வைப்பேன்.

அன்றைக்கு ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சியிருந்தேன். தங்கச்சியும் இன்னும் இரண்டு பெண்களும் வருவதாக இருந்தது. வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் வாயை மூடிவிட்டு சாமி அலமாரிக்குப் போய்த் திரி போட்டுக்கொண்டிருந்தேன். மேசையில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிட அவர் அப்படித்தான் தட்டுவார். திரும்பிப் பார்த்தேன். வலது கையில் கரண்டி, லேப்டாப்பைக் காட்டினார்.

"பொறுங்க. விளக்கு வச்சிட்டு வரேன்," என்றேன்.

தலையை ஆட்டினார். நான் திரும்பிக்கொண்டேன்.

வலது கையில் கரண்டி இருந்தது. இடது கை எங்கே இருந்தது? மேசை மேலா, மடியிலா, நெஞ்சிலா? அதுதான் எனக்கு ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

விளக்கு வைத்தேன். பெண்கள் வந்தார்கள். பாட்டுப் பாடினோம். கூழ் ஊற்றிக் கொடுத்தேன். தங்கச்சியோடு வாசல் கேட் வரைக்கும் போய் நின்று கொஞ்சம் பேசினேன். என்ன பேசினோம் என்றுகூட நினைவில்லை, அவ்வளவு ஒன்றும் இல்லாத பேச்சு. உள்ளே வந்தபோது அவர் மேசை மேல் சாய்ந்திருந்தார். கன்னம் லேப்டாப்பின் ஓரத்தில். தூங்கிவிட்டார் என்று நினைத்து, "எழுந்திருங்க, கூழ் ஆறுது" என்றேன்.

தங்கச்சியின் மகன் காரை எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், சின்னப் பையன், நல்ல மாதிரியாகத்தான் கேட்டான், "எத்தனை மணிக்கு வலி ஆரம்பிச்சது, மா?"

"தெரியாது," என்றேன்.

"அவர் ஏதும் சொன்னாரா?"

"அவரால பேச முடியாது."

அது பொய் இல்லை. ஆனால் பொய் சொன்ன ஆளைப் போல நான் அந்த டாக்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் கழித்து, கண் திறக்காமலே போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் மகள் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் லேப்டாப் அப்படியே இருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை, மாலையும் பூவும் அதன் மேலேயே கிடந்தன. அவள் அதை மூடப் போனவள் நின்றாள். குனிந்து பார்த்தாள். ஏதேதோ தட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அம்மா."

"என்ன?"

"அப்பா பக்கம் இன்னும் காத்துக்கிட்டு இருக்கு."

"காத்துக்கிட்டா?"

"பைப் வாசல்ல நிக்குது. ஏதோ எழுதி அனுப்பியிருக்காரு. இந்தப் பக்கம் திறக்கவே இல்ல." பெருக்கல் குறி போட்ட மூலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல?"

"ஆமா," என்றேன்.

அவள் கை வாய்ப் படத்துக்குப் போனது. நான் கத்தினேன். என் மகளைப் பார்த்து அப்படிக் கத்தினது கிடையாது. எடு கையை என்றேன்.

"அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரிய வேணாமா?"

"வேணாம்."

"எனக்கு வேணும்மா. அவரு எனக்கும் அப்பாதான்."

"அது எனக்குச் சொன்னது."

"சரி, குரல் வேணாம். நான் மட்டும் சத்தமில்லாம படிச்சுக்கிறேன்."

"நீ படிச்ச பிறகு அங்க இருக்குமா?"

"இருக்காது. யாரு எடுத்தாலும் ஒரு தடவதான். எடுத்தா பைப் காலி. வேற எங்கயும் எழுதி வைக்கல, அது மாதிரி நான் செய்யல. அணைச்சாலும் போயிடும்."

"அப்ப அணைக்கவும் வேணாம், எடுக்கவும் வேணாம்."

அவள் என்னிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனாள். பேட்டரி பழசு, கரண்டு போனால் பத்து நிமிஷம்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் மேசைப் பக்கம் பார்க்காமல் உட்காருவாள்.

எனக்கு என்ன பயம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பைப்பில் இருந்தது. "சுண்டலைக் காணோம்" என்று இருந்தால் நான் பிழைத்தேன். வேறு மாதிரி இருந்தால், அவர் கூப்பிட்டிருக்கிறார், நான் வாயை மூடிவிட்டு அம்மனுக்குப் பாட்டுப் பாடியிருக்கிறேன்.

அந்த மூன்று மாதத்தை எப்படிச் சொல்வது? லேப்டாப்பின் மேல் அவருடைய துண்டைப் போட்டு வைத்தேன். அடியில் இருந்து சின்னதாக ஒரு வெளிச்சம் வரும், அது சுடும், உள்ளே ஒரு காற்றாடி ஓடும். நான் சாப்பிடும்போது எதிரில் அந்தச் சத்தம். மூச்சு போல இருக்கிறது என்று நினைக்கக் கூடாது என்று நினைப்பேன், அப்படித்தான் கேட்கும். வாய்க்காரப் பெண் இங்கே இல்லை, அவளைத்தான் மூடி வைத்திருக்கிறேனே. நிற்கிறவர் அவர். பலகை திறக்கட்டும் என்று நிற்கிறார். நான் குளிக்கப் போனாலும் நிற்கிறார், பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தாலும் நிற்கிறார். வந்து துண்டின் மேல் கை வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும்.

வெளியூர்க் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ஒரு நாள் அப்பளம் பொரிக்கும்போது மீட்டர் ஸ்விட்ச் விழுந்து கரண்டு போய்விட்டது. எண்ணெயை அப்படியே போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து ஏறி ஸ்விட்சை மேலே தள்ளினேன். இறங்கி வந்து துண்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். தங்கச்சி பார்த்துவிட்டுக் கேட்டாள், "அதுக்குள்ள அப்படி என்னதான்க்கா வச்சிருக்க, தங்கமா?" நான் துண்டை நேராக இழுத்து விட்டேன்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் மூன்று, நாலு மணி இருக்கும். வானம் இருட்டி, இடி ஒன்று விழுந்தது பாருங்கள், ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. கூரையில் ஓடின காற்றாடி மெதுவாகச் சுற்றி நின்றது. ஸ்டூலில் ஏறி மீட்டரைப் பார்த்தேன். ஸ்விட்ச் எல்லாம் மேலேதான் இருந்தது. தெரு முழுக்கக் கரண்டு இல்லை.

எதிர்வீட்டிலிருந்து தங்கச்சி கத்தினாள், "அக்கா, உங்களுக்கும் போச்சா?"

"போச்சு!"

மகளுக்கு ஹேண்ட்போனில் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். ஐந்தோ ஆறோ தடவை. வேலையில் இருந்திருப்பாள், சத்தத்தை அடைத்து வைத்திருப்பாள். துண்டை எடுத்தேன். திரையின் மூலையில் பேட்டரிப் படம் பாதியாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது குறைந்து சிவப்பானது.

நான் விரும்பினால் அப்படியே விட்டிருக்கலாம். மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல் முடிந்திருக்கும். மூன்று மாதமாக நான் வேண்டினதும் அதுதானோ என்னவோ. ஆனால் அந்த மனிதரை அங்கேயே நிற்க வைத்து விளக்கை அணைத்துவிட்டுப் போக எனக்கு முடியவில்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் போன பிறகு முதல் தடவையாக உட்கார்ந்தேன். சிவப்பு வாயைத் தொட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெண், செய்தி வாசிக்கும் குரலில், மழைச் சத்தத்துக்கு நடுவே தெளிவாகச் சொன்னாள்.

"நெஞ்சு இறுக்குது. இடது கை மரத்துப் போச்சு. நெஞ்சு வலிதான். ஆளைக் கூப்பிடு."

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"சரி. விளக்கை வச்சிட்டு வா. அவசரம் இல்ல."

அப்புறம் அவர் எழுதுகிற அந்தப் பெட்டிக்குள் எழுத்து வர ஆரம்பித்தது. மேசையில் யாரும் இல்லை. என் கை பக்கத்தில்கூட இல்லை. க் என்ற எழுத்து ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு க். பிறகு வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக, வரி நிறைந்து அடுத்த வரிக்குப் போய், க்க்க்க்க் என்று. அவர் சாய்ந்த கன்னம் அழுத்தின எழுத்து அது என்று இப்போது தெரியும். அப்போது தெரியவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த எழுத்தை நானே படித்தேன், கண்ணாடி இல்லாமல்.

திரை இருண்டது. உள்ளே ஓடின காற்றாடி நின்றது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். மழையில் வெளியே ஓடினேன். செருப்பு இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"தங்கச்சி! மகனைக் காரை எடுக்கச் சொல்லு! உங்க அண்ணனுக்கு நெஞ்சு வலி! சீக்கிரம்!"

தங்கச்சி கையில் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றாள். மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டுக் குடை இல்லாமல் ரோட்டைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா. அண்ணன் போயி மூணு மாசம் ஆச்சுக்கா."

"இப்பத்தான் சொன்னாரு."

"வாக்கா. உள்ள வா. நனையுற."

துண்டால் என் தலையைத் துவட்டினாள். அவருடைய துண்டு. விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. அதற்காக அவளை நான் இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

மகள் பொழுது சாய வந்தாள். போனில் நான் கூப்பிட்டதை எல்லாம் பார்த்துவிட்டு அரக்கப் பரக்கக் காரை ஓட்டி வந்திருக்கிறாள். கரண்டு அதற்குள் வந்துவிட்டது. அவள் மேசையைப் பார்த்தாள், கறுத்துப் போன திரையைப் பார்த்தாள்.

"போச்சா?"

"திறந்தேன். கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

தங்கச்சி எழுந்து போகப் பார்த்தாள். இரு என்றேன். சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும்.

"நெஞ்சு வலின்னாரு. இடது கை மரத்துப் போச்சுன்னாரு. ஆளைக் கூப்பிடச் சொன்னாரு. நான் விளக்கு வைக்கப் போறப்பவே சொல்லியிருக்காரு. நான் வாய மூடி வச்சிருந்தேன்."

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். விளக்கு வைத்தது, பாடினது, கேட்டில் நின்று பேசினது. முகத்தில் தெரிந்தது.

"அரை மணி நேரம்," என்றாள்.

"இருக்கும். கூடவும் இருக்கும்."

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். ஆனால் கார் நகரவில்லை. வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து உள்ளே வந்து, என் எதிரில் உட்கார்ந்து, "வேற ஏதாவது சொன்னாராம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன்.

எஸ்டேட்டில் யாருக்காவது இனிமேல் முடியாது என்று தெரிந்துவிட்டால், அவர் அந்த வீட்டுக்காரர்களிடம் ஓட வேண்டாம், அவசரம் இல்லை என்றுதான் சொல்வார். அவர்கள் கை கால் பதறக் கூடாது என்று. எனக்கும் அதையே சொல்லியிருக்கிறார். முதலில் மனிதனாகக் கூப்பிட்டார், நான் பொறுங்கள் என்றதும் டிரெஸ்ஸராகிவிட்டார். அந்த இரண்டாவது பேச்சை நான் சொல்லியிருந்தால் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அப்பாவே மன்னிச்சிட்டாரே என்று சொல்லியிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். அவர் கொடுத்ததை நானே எடுத்துக் காட்டி, என் மேல் இருக்கிறதைக் கழுவிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு என் மேல் எவ்வளவு கோபம் உண்டோ அவ்வளவும் அவள் படட்டும் என்றிருந்தேன். பட்டாள். இப்போது மறுபடியும் வாரா வாரம் வருகிறாள், என் தட்டில் மீனை அவளே எடுத்து வைக்கிறாள், கண்ணை மட்டும் பார்ப்பதில்லை.

ஆனால் அது அவளுடைய அப்பா பேசின பேச்சு. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று அவள் தெரிந்துகொள்வதை நான் எதற்காகத் தடுக்க வேண்டும்? என் வீம்புக்காகவா? அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். வாயால் சொன்னால் என் குரல் இரக்கம் கேட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை வருவாள். இந்த நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வருவதாக இல்லை.